தீவை வலம் வந்தோம்

தேங்க்ஸாம். எம் புள்ள குணசீலன் ஒரு கையில ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால தண்ணி பாட்டிலைப் பின்னால நீட்டுறான், அவ வாங்கிக்கிட்டு தேங்க்ஸ்ங்கிறா, இவன் பரவால்லங்கிறான். ஆறு வருஷம் குடும்பம் நடத்தின புருஷன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது? நானும் அவரும் முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தோம், ஒரு நாளாவது தேங்க்ஸ் சொல்லியிருப்போமா? தண்ணி கொண்டாம்பார், உங்களுக்குக் கை இல்லையாம்பேன், சொல்லிக்கிட்டே கொண்டு போய்க் கொடுப்பேன். அது வீடு. இது என்னவோ பேங்க் கவுண்டர் மாதிரியில்ல இருக்கு. முன் கண்ணாடிக்கு மேல வெயிலுக்கு மடக்கி இறக்குவாங்களே ஒரு அட்டை, அதை இறக்கி விட்டிருக்கேன். வெயிலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஐஸ்லாந்துல ஏது வெயில், ஆடி மாசத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த அட்டையில ஒரு சின்னக் கண்ணாடி பதிச்சிருக்கான், அதுல பாத்தா பின் சீட்டுல என் மருமக தாரணி தெரிவா, அதுக்குத்தான். குளித்தலை கேர்ள்ஸ் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். பப்ளிக் பரீட்சை ஹால்ல எத்தனை தடவை நின்னிருப்பேன். பிட்டு வெச்சிருக்கிற புள்ள எப்படி இருக்கும் தெரியுமா? ரொம்ப மரியாதையா இருக்கும். எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் டீச்சர்ங்கும், பேனாவை நேரா வெக்கும். படிச்சுட்டு வந்த புள்ள தலையைச் சொறியும், பக்கத்துப் புள்ளயை முறைக்கும், என்னைக் கண்டுக்கவே கண்டுக்காது. எங்க மரியாதை ஜாஸ்தியோ அங்கதான் நான் போய் நிப்பேன். இதுங்க ரெண்டும் இந்தத் தீவு பூரா பேனாவை நேரா வெச்சுக்கிட்டே வருதுங்க.

இன்னிக்கு சாயந்திரம் ஃப்ளைட். வண்டியை ஏர்போர்ட்ல வாடகைக்காரன்கிட்ட ஒப்படைச்சுட்டு ஏறினா நேரா நெதர்லாந்து, இவங்க வீடு, அங்கேருந்து நான் மட்டும் திருச்சி. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். என்னன்னு தெரியாம குளித்தலையில போய் உக்காந்தா எனக்குச் சோறு இறங்காது. இந்த ஊர்ல ஒரே ரோடுதான், தீவைச் சுத்தி வட்டமா, நம்பர் ஒண்ணுன்னு பேரு. கெளம்புற அன்னிக்கு குணசீலன் மேப்பைக் காட்டி, தெக்கால போயி அப்படியே இடப்பக்கமா சுத்தி வரலாம்மான்னான். அடப்பாவி, அப்பிரதட்சணமாடா சுத்துவாங்க, வலமாத்தான் போகணும்னேன். எப்பவும் என்ன நடக்கும்? அவன் தலையில அடிச்சுக்குவான், இவ "அத்தை, இது கோயில் இல்ல, ரோடு"ம்பா, நான் ஒரு பேச்சு பேசுவேன், சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடும். இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க, சரி அத்தை, சரிம்மா, முடிஞ்சது. முத சந்தேகம் எனக்கு அங்கதான் விழுந்தது. அப்புறம் புளிக்காய்ச்சல். நான் கிண்டிக் கொண்டாந்த புளிக்காய்ச்சல்ல வருஷா வருஷம் ஒரு குத்தம் சொல்லுவா, உப்புக் கரிக்குது, பெருங்காயம் தூக்கலா இருக்குன்னு. இந்தத் தடவை சூப்பரா இருக்கு அத்தைங்கிறா. உப்பு நெசமாவே கூடிப் போச்சு, எனக்கே தெரியும். வாயில வெக்க முடியல. சூப்பராம்.

"அம்மா…" இதோ ஆரம்பிச்சுட்டான். என்னடான்னு திரும்பறேன். ரோட்டைப் பாக்குறான், தொண்டையைச் செருமுறான், "அங்க பாரேன், ஆடு." ஆடு. இந்த ஊர்ல மனுஷனை விட ஆடு ஜாஸ்தி, ரோட்டோரம், ரோட்டு மேல, மலை உச்சியில, கம்பளி மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி நிக்குது. அது எனக்கே தெரியுது, எனக்கென்ன கண்ணவிஞ்சா போச்சு? வடக்கால மீன் பிடிக்கிற ஊர்ல டீ குடிக்கறப்ப அம்மான்னான், ஆடு. வெந்நி ஊத்து பொங்குற எடத்துல, அழுகின முட்டை நாத்தத்துக்கு நடுவுல அம்மான்னான், அங்க ஒரு ஆடும் இல்லாததால வானத்தைக் காட்டினான், மேகம். இவன் எதையோ வாயில போட்டு மென்னுக்கிட்டே வரான். முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. என்னவா இருக்கும்? எனக்கு ஏதாவது வியாதியா? கெளம்பறதுக்கு முன்னாடி திருச்சியில ரத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தாங்க, ரிசல்ட்டு இவன் மெயிலுக்குத்தானே போச்சு. அம்மாவுக்கு ஒரு தடவை உலகத்தைச் சுத்திக் காட்டிரலாம்னு கூட்டியாந்திருக்கானா? கை தானா நெஞ்சுக்குப் போகுது, கழுத்துல கெடக்கிற செயினைப் பிடிச்சுத் திருகுறேன். இல்ல, இல்ல, சர்க்கரை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்னு டாக்டரே என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அப்ப வேலை போயிருச்சா? வேலை போனவன் இவ்வளவு தூரம் வண்டி எடுத்துக்கிட்டு சுத்துவானா. அப்ப அவ. அன்னிக்குக் கறுப்பு மணல் கடற்கரையில, அலை ஆளை இழுத்துரும் கிட்ட போகாதீங்கன்னு போர்டு போட்டிருக்கு, நாங்க இந்தப் பக்கம் நிக்கறோம், இவ ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் போனா. யாரும்மான்னேன். அக்கா, அத்தைன்னா. அக்காகிட்ட பேசறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? இன்னொருத்தன் இருக்கானோ. சீ, என்ன புத்தி இது எனக்கு. ஆனா வந்த நெனப்பு போக மாட்டேங்குது, கண்ணாடியில அவ மூஞ்சியைப் பாக்குறேன், ஜன்னல்ல சாய்ஞ்சிருக்கா, தூங்கறவ மாதிரி கண்ணை மூடியிருக்கா. தூங்கல. தூங்கறவளுக்குத் தொண்டை இப்படி ஏறி இறங்காது.

கடுகு. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில கடுகுலதான் வந்து நிக்கறேன். நான் வந்து இறங்கின மறு நா காலையில அவங்க வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு, தாளிக்கக் கடுகு எடும்மான்னேன். ஒரு அலமாரியைத் தொறந்தா, இல்ல. இன்னொண்ணைத் தொறந்தா, தட்டு அடுக்கியிருக்கு. அதுக்குள்ள எண்ணெய் காஞ்சு புகையுது. குணா உள்ளேருந்து வந்து அடுப்புக்கு மேல இருந்த டப்பாவை எட்டி எடுத்து அவ கையில கொடுத்தான். கடுகு டப்பா எங்க இருக்குன்னு தெரியாத பொம்பளை, அதுவும் சொந்த அடுப்படியில! இப்பத்தான் மாத்தி வெச்சோம் அத்தைன்னா. சரின்னுட்டேன். சரின்னு வாய் சொல்லுச்சு, மனசு குறிச்சு வெச்சுக்கிச்சு. அப்புறம் அந்தக் காலர். ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வந்தப்ப வெள்ளைச் சட்டை போட்டிருந்தா, கழுத்தோரம் காலர்ல மஞ்சக் கறை. புதுப் பொண்ணுக்குத்தான் அப்படி ஒட்டும், பச்சை மஞ்சக் கயிறு கட்டின புதுசுல. இவ தாலியைக் கொடியில கோத்துப் போட்டிருந்தவ. கொடி எங்கம்மான்னேன், பேங்க்ல இருக்கு அத்தை, பிரயாணத்துக்குக் கயிறு போதுமேன்னா. பிரயாணத்துக்கா? எங்க அத்தை இருந்திருந்தா இந்தப் பதிலுக்குச் செவுள்ல ஒண்ணு விட்டிருப்பா. நான் விடல. இவ மேல எனக்குக் கை வராது. வாய்தான் வரும்.

அவர் போனப்ப இவ வந்து நின்ன நிலை எனக்குத்தான் தெரியும். பத்தாம் நா காவிரிக் கரைக்குக் கூட்டிப் போய், ஊரே பாக்க, பூவைப் பறிச்சு வளையலை உடைச்சுத் தாலியை அறுக்கணும்னு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் திரண்டு வந்தாளுங்க. இவ கதவை அடைச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. என் அத்தையை யாரும் தொடக் கூடாதுன்னா. அவளுங்க ஏசின ஏச்சு கொஞ்சமா? அப்புறம் சாமி ரூம்ல நானும் இவளுமா உக்காந்தோம், இவதான் பின்னால வந்து மெதுவா தாலிக்கொடித் திருகாணியைக் கழட்டினா, தலையை வேற கோதி விட்டா, எனக்கு அப்பதான் அழுகையே வந்துச்சு. வெறுங்கழுத்தோட இருக்காதீங்க அத்தைன்னு திருச்சிக்குக் கூட்டிப் போய் அந்தத் தாலிக்கொடியை அழிச்சு இந்தச் செயினைப் பண்ண வெச்சதும் இவதான். இப்படிப்பட்டவளையா நான் இன்னொருத்தன் கின்னொருத்தன்னு நெனச்சேன். ஆனா நெனக்காம என்ன பண்ண, சொல்லித் தொலைச்சாத்தானே. முந்தாநா பதினெட்டாம் பெருக்கு. அதுக்குன்னே குளித்தலையிலேருந்து மஞ்சக் கயிறு முடிஞ்சு கொண்டாந்திருந்தேன். பனிமலை உருகி ஏரியா நிக்குது, வீடு வீடா ஐஸ் பாளம் மெதக்குது, நீலமா, கண்ணு கூசுது, அதுல ஒரு பக்கம் தண்ணி உடைச்சுக்கிட்டு கடலுக்கு ஓடுது. காவிரியில்லன்னா என்ன, ஓடுற தண்ணிதானே, பெருகி வர்ற தண்ணிதானே. கரையில உக்காரும்மா, கயிறு மாத்தணும்னேன். அவ மூஞ்சி செத்துப் போச்சு. இங்க தண்ணியில எதுவும் போடக் கூடாது அத்தைன்னா. போட வேணாம், பழசை நான் முடிஞ்சு வெச்சுக்கறேன், நீ உக்காருன்னேன். நான் கட்டக் கூடாது, தாலி இழந்தவ கை ஆகாது. டேய் குணா, நாத்தனார் முடிச்சுக்கும் ஆள் இல்ல, மூணையும் நீயே போடுடான்னேன். அவன் அப்பவும் அம்மான்னான். நான் அன்னிக்கு ஆடு பாக்கற நெலமையில இல்ல. போடுடா, குளிருதுன்னு ஒரு அதட்டு. மண்டி போட்டுக் கட்டினான். கை அப்படி நடுங்குச்சு. அவ குனிஞ்சு உக்காந்திருந்தா, அழுதா, நான் என்னடான்னா பரவால்லயே, இந்தக் காலத்துப் பொண்ணுக்கு இவ்வளவு பக்தியான்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். சுத்தி நின்ன வெள்ளைக்காரங்க வேற கை தட்டினாங்க.

ஏன் அழுதா? ஏன் அவன் கை நடுங்குச்சு? கல்யாணத்தன்னிக்குக் கூட நடுங்கல, பல்லைக் காட்டிக்கிட்டுக் கட்டினான். வழியில அங்கங்க ஆத்துக்குக் குறுக்க ஒரு வண்டி மட்டும் போற மாதிரி பாலம் கட்டியிருக்கான். எதிர்ல வண்டி வந்தா இவன் ஓரங்கட்டி நிப்பான், அவன் போவான், போறப்ப ரெண்டு பேரும் கையைத் தூக்கிக் காட்டிக்குவாங்க, யாரு எவர்னு தெரியாது. இந்த ரெண்டும் இப்ப அப்படித்தான் இருக்குதுங்க. நீங்க போங்க, இல்ல நீங்க போங்க. சாப்பாட்டு மேசையில உப்பு எடுக்கறதுலேருந்து பாத்ரூம் போறது வரைக்கும். நெனப்பு ஒரு எடத்துக்குப் போகப் பாக்குது, நான் போகாதேங்கறேன். குழந்தை ஏதாவது தங்காமப் போச்சோ. அதுதான், அதுவாத்தான் இருக்கும், பாவம் புள்ளைங்க. அதுன்னா தேவல. இதைப் போய் தேவலங்கறேனே, நான் என்ன மனுஷி. அப்ப எதுக்குடி இவ்வளவு பயப்படற கனகவல்லி, எதை நெனக்க மாட்டேங்கற? ரோடு மலையேறி இறங்குது, பூமிக்குள்ளேருந்து அங்கங்க ஆவி கெளம்புது, யாரோ இட்லிக் குண்டானைத் தொறந்து வெச்ச மாதிரி. கீழ தூரத்துல ஊர் தெரியுது, கலர் கலரா தகரக் கூரை. ஒரு ரவுண்டானா வருது. குணா வண்டியை மெதுவாக்குறான். "அம்மா, அன்னிக்கு இங்கதான் வடக்கால திரும்பினோம். வட்டம் முடிஞ்சுருச்சு." முடிஞ்சுருச்சுன்னு அவன் சொன்ன தினுசு. கண்ணாடியைப் பாத்தேன். தாரணி கண்ணைத் தொறந்து அவன் பின்னந்தலையைப் பாத்தா, உடனே வெளிய திரும்பிக்கிட்டா. கல்யாணத்துல அக்கினியை வலம் வந்ததும் இதுங்கதான், சுண்டு விரலைக் கோத்துக்கிட்டு.

ஏர்போர்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால பெட்ரோல் பங்குல நிறுத்தினான். டேங்கை ரொப்பித்தான் ஒப்படைக்கணுமாம். ரொப்பிட்டு, காபி வாங்கியாரேன்னு உள்ள போனான். நான் கதவைத் தொறந்தேன், காத்து கதவைப் பிடுங்கிக்கிட்டுப் போகப் பாத்துச்சு, இறங்கிப் பின் சீட்டுல அவ பக்கத்துல போய் உக்காந்தேன். ஏன் அத்தை, முன்னாடி குளிருதான்னா. "கடுகு டப்பா எங்க இருக்குன்னு உனக்கு ஏன் தெரியல?"ன்னேன். முழிச்சா. சிரிக்கப் பாத்தா. வாய் கோணிக்கிச்சு. "அத்தை, அது…" "உன் வீட்டுக் கடுகு டப்பாம்மா. ஏன் தெரியல?" அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன், ஐஸா இருந்துச்சு. அப்புறம் என் கையைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அது என் வீடு இல்ல அத்தை. நான் அங்க இல்ல. தை மாசமே எல்லாம் முடிஞ்சுருச்சு. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டாச்சு." வண்டியைக் காத்து ஆட்டுது. நெனக்காதே நெனக்காதேன்னு நான் கதவைச் சாத்திக்கிட்டே வந்தது இதைத்தான். "யாரு பண்ணின தப்பு?"ன்னேன், என் குரல் எனக்கே கேக்கல. அவன்னா இப்பவே உள்ள போய் செருப்பால அடிக்கறேன். "யாரும் எதுவும் பண்ணல அத்தை. சண்டை கூட இல்ல. சண்டை போடக் கூடத் தோணாமப் போச்சு." "அப்ப எதுக்குடி வந்தே? எதுக்கு இந்தக் கூத்து?" "நீங்க வரீங்க, அவருக்குச் சொல்லத் தைரியம் வரல, வழியில சொல்லிடறேன், நீ கூட வா, அம்மா தனியாத் தாங்க மாட்டாங்கன்னாரு. எனக்கும்… எனக்கும் உங்களோட ஒரு தடவை வரணும்னு இருந்துச்சு அத்தை." "அந்த ஏரிக்கரையில நான் கயிறை எடுத்தேனே. வாயைத் தொறந்து வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?" "கடல் தாண்டி முடிஞ்சு கொண்டாந்திருக்கீங்க. எப்படி அத்தை சொல்லுவேன்?"

ஆத்திரம் ஆத்திரமா வருது. ரெண்டு பேரும் சேந்து என்னை ஒரு சுத்து சுத்த விட்டுட்டாங்களே, பிட்டைக் கையில வெச்சுக்கிட்டு என் முன்னாலயே எழுதிட்டாங்களே. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன், அத்துப் போனதை எம் புள்ள கையாலயே மூணு முடிச்சு போட வெச்சிருக்கேனே, வெளியூர்க்காரன் எல்லாம் கை தட்ட. அவளைத் திட்டணும்னு வாயைத் தொறக்கறேன், இவ இனிமே எனக்குப் புளிக்காய்ச்சல்ல குத்தம் சொல்ல மாட்டாங்கற நெனப்பு வந்து அடைச்சுக்குது. என் உடம்புக்கு ஒண்ணுன்னா முத ஆளா ஓடி வரவ. இவளை நான் எந்த உறவுன்னு சொல்லிக் கூப்பிடுவேன் இனிமே? தாரணி ரெண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால கொண்டு போனா. "கழட்டிரட்டுமா அத்தை? ஏர்போர்ட் போற வரைக்கும் இருக்கட்டும்னாலும் சரி." அவளுக்கு வரல. ஈரத்துல இறுகிப் போயிருக்கு, அந்த மடையன் அப்படி இறுக்கியிருக்கான். "திரும்பு"ன்னேன். "அத்தை, நீங்க வேணாம்…" "கட்டத்தான் என் கை ஆகாது. அவுக்க ஆகும்ல. திரும்பு." திரும்பினா. முடியை ஒதுக்கி முன்னால விட்டேன். நகத்தால ஒண்ணு, ரெண்டாவதுக்கு நகம் பிஞ்சுது, மூணாவது வரவே மாட்டேங்குது, குனிஞ்சு பல்லால கடிச்சு இழுத்தேன். மஞ்ச வாசனை, அவ எண்ணெய் வாசனை, ஊரெல்லாம் இருக்கிற அந்தக் கந்தக வாசனை. கயிறு கையோட வந்துருச்சு. கழுத்துல மஞ்சளா ஒரு கோடு மட்டும் இருந்துச்சு. அவ தோள் குலுங்குது. என் கழுத்துலேருந்து செயினைக் கழட்டி அந்தக் கோட்டு மேலயே போட்டுக் கொக்கியை மாட்டினேன். "அத்தை, இது மாமாவோட…" "வெறுங்கழுத்தோட போகாதே"ன்னேன். தலையைக் கோதி விட்டேன்.

கதவு தொறந்துச்சு. குணா மூணு காபியையும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், காத்துல முடி பறக்குது. முன் சீட்டு காலியா இருக்கறதைப் பாத்தான். பின்னால பாத்தான். அவ கழுத்தைப் பாத்தான், என் கையில சுத்தியிருந்த மஞ்சக் கயிறைப் பாத்தான். சின்ன வயசுல கண்ணாடி கிளாஸை உடைச்சுட்டு நிப்பானே, அதே மூஞ்சி.

"அம்மா…"

ஜன்னல் வழியா வெளிய பாத்தேன். பெட்ரோல் போடற மிஷின், அதுக்கு அப்பால கறுப்புக் கல்லு, கல்லு மேல பாசி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் வேற ஒண்ணும் இல்ல.

"இங்க ஆடு எதுவும் இல்லடா குணா. சொல்லு."